இராத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை கேளுங்கள்

யாழ்ப்பாணக் குடாநாட்டின் குடும்பநல உத்தியோகத்தர்களுக்கு,

மாரி வெள்ளத்தையும் சோளகக் காலத்துப் புழுதியையும் பொருட்படுத்தாமல், ஒழுங்கைக்கு ஒழுங்கை சைக்கிளிலும் ஸ்கூட்டியிலும் சென்று, பிள்ளைத்தாய்ச்சிமாரின் கால் வீக்கத்தைப் பார்த்து, பிறந்த குழந்தையின் கொப்பூழைப் பார்த்து, பால் ஊறவில்லையென்று அழுகிற இளந்தாய்க்குத் தைரியம் சொல்லி, அந்தி சாய்ந்த பின்னரும் விளக்கடியில் இருந்து பதிவேடுகளை நிரப்புகிற உங்களுக்கு, 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் படிப்பித்து ஓய்வு பெற்ற ஓர் அம்மம்மா இந்த மடலை எழுதுகிறேன். வைத்தியர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் உண்டு. வைத்தியர் பிள்ளையைப் பகலில், கிளினிக் வாங்கில் காத்திருந்து களைத்துப் போன நிலையில், தம்முடைய மேசைக்கு எதிரே சில நிமிஷம் பார்க்கிறார். பிள்ளையின் பொருட்டே எங்கள் படலையைத் திறந்து உள்ளே வந்து, அது படுக்கிற பாயையும் அது நித்திரை கொள்ளும் கோலத்தையும் கண்ணால் காணக்கூடிய உத்தியோகத்தர் நீங்கள்தாம்.

என் மகளின் மூத்த பிள்ளை டவுண் சின்ட்ரோம் உள்ளவன். பிறந்த மூன்றாம் நாளே அந்தப் பெயரை எங்களுக்குச் சொன்னார்கள். இருதயத்தைப் பார்க்க வேண்டும், தைரொயிட்டைப் பார்க்க வேண்டும், கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும் என்று சொன்னார்கள். அவற்றையெல்லாம் ஒன்று விடாமல் நாங்கள் செய்தோம். அவனுடைய நித்திரையைப் பற்றி மாத்திரம் ஒருவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. இரண்டு வயது தொடக்கம் அவன் என் பக்கத்தில்தான் படுத்தான். விளக்கை அணைத்துச் சற்று நேரத்துக்குள் குறட்டை தொடங்கிவிடும். பெரிய மனிதனைப் போலக் குறட்டை விடுகிறான், பகல் முழுவதும் ஓடித் திரிந்த அலுப்பிலே அயர்ந்து நித்திரை கொள்ளுகிறான் என்று நான் சந்தோஷப்பட்டேன். வருகிறவர்களிடம் அதைப் பெருமையாகச் சொல்லியும் இருக்கிறேன். அந்தப் பெருமையை நினைக்கும்போது இன்றைக்கும் என் நெஞ்சு வேகிறது.

அவன் மல்லாந்து படுக்க மாட்டான். நான் நிமிர்த்திப் படுக்க வைத்து, தலையணையைச் சரி செய்து, நுளம்பு வலையை இழுத்துச் செருகிவிட்டுக் கண்ணயர்ந்தால், நடுச்சாமத்தில் அவன் எழுந்து, சப்பாணி கட்டி இருந்து, இடுப்பிலே இரண்டாக மடங்கி, நெற்றி பாயிலே முட்டும்படி குனிந்து, அந்த நிலையிலேயே நித்திரையாய்க் கிடப்பான். முதுகு வேர்வையிலே நனைந்திருக்கும். நான் மறுபடியும் நிமிர்த்துவேன். அவன் மறுபடியும் மடங்குவான். ஓர் இராத்திரிக்கு நாலு தடவை, ஐந்து தடவை என்று மூன்று வருஷம் நான் அந்தப் பிள்ளையை நிமிர்த்தினேன். மடங்கியிருந்தால் நாக்கு முன்னுக்கு விழும், தொண்டையிலே காற்றுக்கு ஒரு வழி திறக்கும் என்பதை யாரும் கற்பிக்காமலே அவனுடைய தேகம் அறிந்திருந்தது. அவன் தன் மூச்சுக்காகக் கண்டுபிடித்த ஒரே வழியை, பாசத்தினாலே, நான் ஒவ்வோர் இராத்திரியும் அடைத்துக்கொண்டிருந்தேன்.

பகலிலே அவன் சோற்றுக் கோப்பைக்கு முன்னாலேயே கண் மூடுவான். நிறை ஏறவில்லை. வாய் எந்நேரமும் திறந்தபடி இருக்கும். ஒரு வருஷத்துக்கு முன்னர் விட்டுப் போயிருந்த படுக்கையை நனைக்கிற பழக்கம் திரும்பி வந்தது. இவற்றையெல்லாம் ஒரு கிளினிக்கிலே என் மகள் எடுத்துச் சொன்னபோது, "இப்பிடியான பிள்ளையள் இப்பிடித்தான் அம்மா" என்று ஒரு பதில் கிடைத்தது. சொன்னவர் கெட்ட மனிதரல்லர். அன்றைக்கு அவருக்கு முன்னால் ஏராளமான பேர் வரிசையில் நின்றார்கள். ஆனால், அந்த ஒரு வாக்கியத்தை நம்பி நாங்கள் வீடு திரும்பி, ஒன்றரை வருஷத்தை இழந்தோம். வேறொரு பிள்ளை இதே அறிகுறிகளோடு போயிருந்தால் தொண்டையைத் திறந்து பார்த்திருப்பார்கள். எங்கள் பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு பெயர் இருந்தபடியால், அவனுக்கு நேர்ந்த சகல அவஸ்தைகளையும் அந்தப் பெயரின் கணக்கிலே எழுதி மூடிவிட்டார்கள். இந்த மடலில் நான் முறையிடுகிற குறை இதுவே.

அந்த மூடியைத் திறந்தவர் உங்களில் ஒருவர். அவனுக்குப் பின் பிறந்த தங்கச்சியைப் பார்க்க எங்கள் பகுதிக்குப் புதிதாக வந்த இளம் பிள்ளை அவர். மத்தியானம் ஒரு மணி இருக்கும். குழந்தையைப் பார்த்து முடித்துவிட்டு, தேத்தண்ணியைக் கையில் வாங்கியபடி விறாந்தையைப் பார்த்தவர், அங்கே சுவரோரமாக மடங்கிக் கிடந்த பேரனைக் கண்டு, குடிக்காமலே கோப்பையைக் கீழே வைத்தார். "அம்மம்மா, இவர் இராவிலயும் இப்பிடித்தான் குந்தியிருந்து படுக்கிறவரோ?" என்று கேட்டார். "ஓம் பிள்ளை, நிமித்திப் படுக்க வைச்சாலும் எழும்பி மடங்கிப் போவான்" என்றேன். அவர் அவனுக்குப் பக்கத்தில் நிலத்திலே இருந்து, சட்டையை மெல்ல உயர்த்தி, நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் அன்றைக்குத்தான் பார்த்தேன். மூச்சு எடுக்கிற போதெல்லாம் நெஞ்சுக்குழி வெளியே வருவதற்குப் பதிலாக உள்ளே போயிற்று. வயிறு மாத்திரம் மேலே எழுந்தது. திடீரென்று குறட்டை நின்றது. அந்த நிசப்தத்தை நான் எத்தனையோ இரவு கேட்டிருக்கிறேன். இப்போதுதான் அமைதியாய் நித்திரை கொள்ளுகிறான் என்று எண்ணியிருக்கிறேன். நெஞ்சும் வயிறும் ஒன்றையொன்று எதிர்த்து இழுத்தனவேயன்றி, மூக்கிலும் வாயிலும் காற்று இல்லை. பிறகு விக்கி எழுந்ததைப் போல ஓர் இழுப்பு, உடம்பு முழுவதும் ஒரு தூக்கு, மறுபடியும் குறட்டை. அவர் தம்முடைய போனிலே இரண்டு நிமிஷம் அதைப் படம் பிடித்து மகளுக்கு அனுப்பி, கிளினிக் கொப்பியிலே நாலு வரி எழுதி, ஈ.என்.ரி. கிளினிக்குக்கு எப்படிப் போவது என்றும், யாரிடம் அந்தப் படத்தைக் காட்ட வேண்டும் என்றும் சொல்லிப் போனார்.

ஆஸ்பத்திரியிலே ஓர் இராத்திரி முழுவதும் விரலில் ஒக்சிமீற்றர் பூட்டி வைத்தார்கள். கொரோனாக் காலத்தில் அந்தச் சின்னக் கருவி எங்கள் வீடுகளுக்குள்ளும் வந்துவிட்டபடியால் அதன் இலக்கங்களை வாசிக்க எனக்குத் தெரியும். 96, 95 என்று நின்றது, சரிந்து சரிந்து 74க்கு இறங்கி, பின் அவன் திமிறி விழித்ததும் ஏறிற்று. கண்ணயர்ந்ததும் மறுபடியும் இறங்கிற்று. விடியும் வரை நான் அந்தச் சிவப்பு இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்கு நித்திரையில் மூச்சுத் தடைப்படுதல் என்று பெயர். வைத்தியர்கள் ஸ்லீப் அப்னியா என்பார்கள். சிறுபிள்ளைகளாயிருந்த காலத்தில் பப்பாசித் தண்டை ஒடித்து ஊதி விளையாடாதவர் எங்களில் எவருமில்லை. பச்சைத் தண்டு விறைப்பாய் நிற்கும், வாடிய தண்டை உறிஞ்சினாலோ அது உள்ளே ஒட்டிக்கொள்ளும். நித்திரையிலே தேகத்தின் தசைகளெல்லாம் தளரும்போது, டவுண் சின்ட்ரோம் உள்ள பிள்ளையின் தொண்டை அந்த வாடிய தண்டைப் போலாகிறது. பிறவியிலேயே அவர்களுடைய தசைகள் தளர்ந்தவை. முகத்தின் நடுப்பகுதி சிறிது. அந்தச் சிறிய அறைக்குள் நாக்குக்கு இடம் போதாது. அதற்கு மேல் ரொன்சிலும், மூக்குக்குப் பின்னாலுள்ள அடினொயிட் சதையும் சேர்ந்துவிட்டால் காற்றுக்கு வழி ஏது? ஒவ்வொரு தடையிலும் இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, மூளை ஒரு கணம் விழித்துப் பிள்ளையைக் காப்பாற்றுகிறது, அதனாலேயே ஆழ்ந்த நித்திரை கலைகிறது. வளர்ச்சிக்குரிய சுரப்பு பெருகுவதும் படித்தது மனதிலே பதிவதும் அந்த நித்திரையில்தான். நுரையீரலுக்குப் போகும் இரத்தக் குழாய்களில் அழுத்தம் ஏறி, இருதயத்தின் வலப்பக்கம் சுமை தாங்காமல் தவிக்கிறது. இந்தப் பிள்ளைகளில் ஏறக்குறையப் பாதிப்பேர் இருதயக் குறையோடு பிறக்கிறவர்கள் என்பதை நீங்கள் என்னைவிட நன்றாய் அறிவீர்கள். வளர்ந்தவருக்கு மணித்தியாலத்துக்கு ஐந்து தடவைக்குக் குறைவாக மூச்சுத் தடைப்பட்டால் பாதகமில்லை என்று கொள்ளுகிற வைத்திய சாஸ்திரம், சிறுபிள்ளைக்கு ஒரு தடவையைத் தாண்டினாலே அதைக் குறையென்று கணக்கெடுக்கிறது.

சாதாரணப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஒருவர் முதல் ஐந்து பேர் வரையில் இந்தத் துன்பம் காணப்படுகிறது. டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களில் பாதிக்கு மேற்பட்டவருக்கு உண்டு. அவர்கள் மாத்திரமா? அண்ணப் பிளவோடு பிறந்தவர்கள், தாடை சிறுத்துப் பிறந்தவர்கள், பெருமூளை வாதம் உள்ளவர்கள், தசை நலிந்துபோகும் வியாதி உள்ளவர்கள், கை கால் குறுகி வளர்கிறவர்கள், அளவுக்கு மிஞ்சிப் பருத்த பிள்ளைகள் ஆகிய எல்லாரும் இந்த வரிசையிலே நிற்கிறார்கள். உங்கள் பகுதிகளில் இப்படியான பிள்ளைகள் இருக்கும் வீடுகள் எவையென்று நீங்கள் மனப்பாடமாய் அறிவீர்கள்.

இந்த நோய்க்கு வைத்திய உலகிலே வயது அதிகமில்லை. 1976 இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் கில்மினோ என்ற வைத்தியரும் அவருடைய சகாக்களும் எட்டுப் பிள்ளைகளின் நித்திரையை அளந்து எழுதிய பிறகுதான் இது சிறுவர்க்கும் உரிய நோயாகத் தெளிவாய் அறியப்பட்டது. மூக்கிலே மூடியைப் பொருத்திக் காற்றழுத்தத்தால் தொண்டையைத் திறந்து வைக்கும் சீபப் என்னும் கருவியைச் சிட்னி நகரத்து வைத்தியர் கொலின் சலிவன் 1981 இல் வெளியிட்டார். ஆகையால், நீங்கள் பயிற்சி பெற்ற காலத்துப் பாடப் புத்தகத்திலே இதற்கு ஒரு பக்கந்தானும் இல்லாதிருந்தால் அது உங்கள் குற்றமாகாது. ஆனால், அமெரிக்கக் குழந்தை வைத்தியர் சங்கம், டவுண் சின்ட்ரோம் உள்ள குழந்தையின் பெற்றோருக்கு முதல் ஆறு மாதத்துக்குள்ளேயே இந்த அறிகுறிகளைச் சொல்ல வேண்டும் என்றும், பின் வருகிற சந்திப்புகளிலும் கேட்க வேண்டும் என்றும், பெற்றோர் ஒரு குறையும் சொல்லாவிட்டாலுங்கூட நாலு வயதுக்குள் நித்திரைப் பரிசோதனை ஒன்று செய்ய வேண்டும் என்றும் விதித்திருக்கிறது. குறை சொல்லாவிட்டாலும் என்று ஏன் விதித்தார்கள்? பெற்றோருடைய வாய்மொழியும் பரிசோதனையின் முடிவும் ஒத்துவருவதில்லை என்பது பலமுறை கண்ட உண்மையாதலால். என்னைப் போன்ற அம்மம்மாமார் உலகெங்கும் இருக்கிறார்கள் போலும்.

"வளர வளரச் சரியாப் போயிடும்" என்ற ஆறுதலை நீங்களும் சொல்லியிருப்பீர்கள், நானும் சொல்லியிருக்கிறேன். அந்த ஆறுதலில் பாதி உண்மை உண்டு. 2013 இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆராய்ச்சியிலே, ஐந்து முதல் ஒன்பது வயது வரையான 464 பிள்ளைகளில், சத்திரசிகிச்சை செய்யாமல் காத்திருக்க விட்டவர்களுள் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு ஏழு மாதத்தில் பரிசோதனை முடிவு தானாகவே சீராயிற்று. ஆனால், அந்த ஆராய்ச்சியிலே சேர்க்கப்பட்டவர்கள் மற்றும்படி சுகதேகிகளான பிள்ளைகள்; முக அமைப்பிலே குறையுள்ளவர்களையும் கடும் நாட்பட்ட வியாதி உள்ளவர்களையும் தொடக்கத்திலேயே விலக்கிவிட்டார்கள். அந்தப் பிள்ளைகளுக்குக் கிடைத்த ஆறுதலை எடுத்து எங்கள் பிள்ளைகளுக்குப் போர்த்துவது நியாயமன்று.

என் பேரனுக்கு ஐந்தரை வயதிலே ரொன்சிலும் அடினொயிட்டும் எடுத்தார்கள். சத்திரசிகிச்சைக்கு முன் அவனுடைய இருதயத்தை மறுபடி பார்த்தார்கள். இந்தப் பிள்ளைகளின் கழுத்து எலும்பு தளர்வாக இருக்கக்கூடுமாதலால் மேசையிலே தலையைப் பின்னுக்கு வளைக்காமல் வைத்தார்கள். வழக்கமாய் அன்றே அனுப்புகிறவர்கள் அவனை இராத்திரி முழுவதும் கண்காணிப்பில் வைத்திருந்தார்கள். நோவுக்குக் கோடீன் கொடுக்கவில்லை. சில பிள்ளைகளின் ஈரல் அந்த மருந்தை அதிவேகமாய் மோர்பீனாக மாற்றி மூச்சையே நிறுத்திவிடுவதால், 2013 இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இந்தச் சத்திரசிகிச்சைக்குப் பின் பிள்ளைகளுக்கு அதைக் கொடுக்கலாகாது என்று எச்சரித்தது. உங்களிடம் இதைச் சொல்வதற்குக் காரணம், பார்மசியில் தாமாக வாங்குகிற இருமல் பாணியையும், நித்திரை வரச்செய்யும் சளிக் குளிசையையும் இந்தப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் வழக்கம் எங்கள் வீடுகளிலே இருப்பதுதான். வைத்தியரைக் கேளாமல் கொடுக்க வேண்டாம் என்று நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

சத்திரசிகிச்சை முடிந்த இரண்டாம் கிழமை அவன் மல்லாந்து படுத்தான். நான் விளக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலே இருந்து அவனுடைய நெஞ்சைப் பார்த்தேன். நெஞ்சும் வயிறும் ஒன்றாய் எழுந்து ஒன்றாய்த் தாழ்ந்தன. இப்போது அவனுக்கு எட்டு வயது. பள்ளிக்கூடத்தில் மத்தியானம் வரை விழித்திருக்கிறான், என் பெயரை முழுதாய்ச் சொல்கிறான். குறை முற்றாய்த் தீரவில்லை. சளி பிடித்தால் குறட்டை திரும்புகிறது. டவுண் சின்ட்ரோம் உள்ளவர்களிலே சத்திரசிகிச்சைக்குப் பின்னும் ஏறக்குறையப் பாதிப்பேருக்குத் தடை மிச்சமிருக்கும் என்றும், மறுபடி அளந்து பார்த்துத் தேவையானால் காற்றுக் கருவி வைக்க வேண்டிவரும் என்றும் வைத்தியர் சொல்லியிருக்கிறார். ஆகவே, "ஒப்பரேசன் செய்தாச்சு" என்று ஒரு தாய் சொன்னாலும் நீங்கள் கேட்பதை விட வேண்டாம்.

உங்கள் சுமையை அறியாமல் நான் இன்னொரு சுமையை ஏற்றவில்லை. 1926 இல் களுத்துறையிலே முதலாவது சுகாதாரப் பகுதி தொடங்கிய காலந்தொட்டு, இந்தத் தீவின் தாய் சேய் மரணத்தைக் குறைத்த பெருமையில் பெரும் பங்கு வீடு வீடாய் நடந்த மருத்துவிச்சிமாருடையது. 1995 ஒக்ரோபர் 30 இராத்திரி, வலிகாமமே யுத்தத்தினால் இடம்பெயர்ந்து மழையிலே தென்மராட்சியை நோக்கி நடந்தபோது, வழியிலே நோக்காடு கண்ட ஒருத்தியைச் சேலை மறைப்புக்குள் வைத்துப் பிள்ளை பெறுவித்த குடும்பநல மாது ஒருவரை நான் கண்ணால் கண்டேன்; தன் பிள்ளைகளை யாரோடோ அனுப்பிவிட்டு அவர் அங்கே நின்றார். அந்தப் பரம்பரையில் வந்தவர்களிடம் எதையும் கேட்கலாம் என்ற துணிவில்தான் கேட்கிறேன்.

நான் கேட்பதற்குப் புதிய கருவி வேண்டியதில்லை, சுற்றறிக்கையும் வேண்டியதில்லை. உங்கள் பகுதியிலே மேலே சொன்ன குறைகளோடு பிறந்த பிள்ளை எதுவானாலும், அதைப் பார்க்கப் போகிற ஒவ்வொரு தடவையும் அதன் இராத்திரியைப் பற்றிக் கேளுங்கள். "குறட்டை விடுகிறதோ" என்று மாத்திரம் கேட்டால் "இல்லை, நல்ல நித்திரை" என்ற பதிலே வரும். என்ன கோலத்தில் படுக்கிறது, கழுத்தைப் பின்னுக்கு எறிந்து படுக்கிறதோ, தலையணை வேர்வையில் நனைகிறதோ, சத்தம் நின்று பிறகு திமிறுகிறதோ, விடியப்புறம் எழும்ப மறுக்கிறதோ என்று கேளுங்கள். பக்கத்தில் படுப்பவர் தாயோ, அம்மம்மாவோ, அப்பாச்சியோ, அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள். இன்றைக்கு எந்த வீட்டிலும் ஒரு போன் இருக்கிறது; விளக்கைப் போட்டு, சட்டையைக் கழற்றி, முகமும் நெஞ்சும் ஒன்றாய்த் தெரியும்படி விடியற்காலை நித்திரையிலே இரண்டு மூன்று நிமிஷம் படம் பிடிக்கச் சொல்லுங்கள். நெடுந்தீவிலிருந்து விடியற்காலை வள்ளமேறி, குறிகாட்டுவானில் இறங்கி, பஸ்ஸில் நெரிபட்டு யாழ்ப்பாணப் பட்டணத்துக்கு வருகிற ஒரு தாய்க்கு, தன் பிள்ளை பகலிலே காட்டாததைக் காட்ட அந்தப் படம் ஒன்றே சாட்சியாகும். படத்திலே ஒன்றும் தெரியவில்லையென்றாலும் அனுப்பாமல் விட வேண்டாம். நாலு வயதுக்குள் ஒரு தடவை அளந்து பார்க்கட்டும். முழு நித்திரைப் பரிசோதனைக்கு நாட்செல்லுமானால், ஓர் இராத்திரி ஒக்சிமீற்றர் வைத்தாவது பார்க்கட்டும். அதிலே இலக்கம் இறங்கினால் அவசரம் தெரியும், இறங்காவிட்டாலும் நோய் இல்லையென்று அதனால் தீர்க்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

அவர்கள் சொல்வதைக் கிளினிக் கொப்பியிலே எழுதுங்கள். எழுதாத சொல்லைக் கிளினிக் வரிசை விழுங்கிவிடும். தமிழில், அந்தத் தாய் சொன்ன வார்த்தையிலேயே எழுதினால் போதும். 1847 இல் இங்கே வந்து மானிப்பாயிலே வைத்தியம் படிப்பித்த சாமுவேல் கிறீன், மனித தேகத்தின் நரம்பையும் நாளத்தையும் தமிழிலே எழுதவும் கற்பிக்கவும் முடியுமென்று காட்டிய பூமி இது. "இருந்து மடங்கிப் படுக்கிறான், மூச்சு நிக்குது" என்ற ஐந்து சொல்லை வைத்தியருக்கு விளங்காதென்று தயங்க வேண்டியதில்லை. பிள்ளைக்கு ஐந்து வயது தாண்டி உங்கள் பதிவேட்டிலிருந்து விலகும்போது, அந்தக் கொப்பியை எறியாமல் பாடசாலைக்கும் கொண்டுபோகச் சொல்லுங்கள். கோண்டாவில் சிவபூமிப் பாடசாலை போன்ற இடங்களிலே இந்தப் பிள்ளைகளோடு நாள் முழுவதும் இருக்கிற ஆசிரியைமாருக்கும், வகுப்பிலே கண்மூடுகிற பிள்ளையைச் சோம்பேறியென்று எண்ணாமல் தாயிடம் இராத்திரியைப் பற்றி விசாரிக்க அது உதவும். மாதாந்தக் கூட்டத்திலே சுகாதார வைத்திய அதிகாரிக்கு முன்னால் இதை ஒருவர் எடுத்துப் பேசினால், மற்றவர்களுக்கும் தெம்பு வரும்.

எங்கள் வீட்டு விறாந்தையிலே கோப்பையைக் கீழே வைத்த அந்தப் பிள்ளை இப்போது வேறு பகுதிக்கு மாறிப் போய்விட்டார். அவருடைய இடத்திலும், உங்கள் எல்லாருடைய இடத்திலும், அடுத்த கிளினிக் நாளில் இப்படியான பிள்ளை ஒன்று வரும். தராசிலிருந்து அதை இறக்கி, நிறையைக் குறித்து, அடுத்தவரைக் கூப்பிடுவதற்கு முன், தூக்கி வந்தவரின் முகத்தைப் பார்த்து, "இவர் இராவில எப்பிடிப் படுக்கிறவர்?" என்று கேட்டு, அவர் யோசித்துச் சொல்லி முடிக்கும் வரை பேனையை மூடாமல் வைத்திருங்கள்.

இங்ஙனம்,
வலிகாமத்திலிருந்து ஓர் அம்மம்மா